கத்தரியில் ரகமும் காய்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தரி ரகங்கள், விதை, மகசூல் பற்றி விவசாயிகளும் தோட்டக்கலை மாணவர்களும் மாடித்தோட்டம் போடுபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

கத்தரியில் மட்டும் ஏன் இத்தனை வகை?

கத்தரி நம் பக்கத்துப் பயிர் என்பதுதான் முதல் காரணம். சொலானம் இன்சானம் என்ற முள் நிறைந்த காட்டுச் செடிதான் இதன் மூதாதை. இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது இன்றும் சாலையோரத்திலும் தரிசிலும் தானாக முளைத்துக் கிடக்கிறது. எந்த இடத்தில் முதலில் வீட்டுப் பயிரானது என்பதில் இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று ஆய்வாளர்களிடம் வாதம் இருக்கிறது. ஆனால் மிக நீண்ட காலமாக நம்மிடம் இருக்கும் காய் என்பதில் சந்தேகமில்லை. வழுதுணங்காய் என்ற பழந்தமிழ்ப் பெயரே அதற்குச் சாட்சி.

இரண்டாவது காரணம் சமையல். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு முழுதாகப் பிளக்கிற சின்னக் காய் வேண்டும். சுட்டுப் பிசைந்து கொத்சு செய்யச் சதைப்பிடிப்பான பெரிய காய் வேண்டும். ஒவ்வொரு ஊரும் தன் வாய்க்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்தது. வெள்ளை, பச்சை, வரி, ஊதா, உருண்டை, நீளம் எல்லாம் அப்படித் திரண்டவைதான்.

நிறமும் வடிவமும் வேறாக இருந்தால் மரபும் வேறு என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. தோலின் நிறத்தைச் சில மரபணுக்களே முடிவு செய்கின்றன. ஊதாவையும் வெள்ளையையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு உலகம் மாதிரி தெரியும். ஆனால் டி.என்.ஏ.வைப் பார்த்தால் இரண்டும் நெருங்கிய பங்காளிகளாக இருக்கலாம். ஒரே மாதிரி ஊதாவாக இருக்கும் இரண்டு காய்கள் வெகுதூரத்து வழிகளில் வந்தவையாகவும் இருக்கலாம். பயிரிடும் கத்தரியில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏராளம், டி.என்.ஏ. அளவில் வேறுபாடு அந்த அளவுக்கு இல்லை. காட்டு உறவுகளிடம்தான் அது கொட்டிக் கிடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

மகசூலுக்கு என்று தனி மரபணு உண்டா?

இல்லை. மகசூல் என்பது பெருக்கல் கணக்கு. ஒரு செடியில் எத்தனை காய், ஒரு காயின் எடை எவ்வளவு, இந்த இரண்டின் பெருக்கல்தான் செடியின் மகசூல். காய் எண்ணிக்கைக்குப் பின்னால் கிளைகள் எத்தனை, கொத்துக்கு எத்தனை பூ, அதில் எத்தனை பிஞ்சு பிடித்தது, முதல் பூ எத்தனை நாளில் வந்தது, எத்தனை பறிப்பு கிடைத்தது என்று ஒரு வரிசையே நிற்கிறது. காய் எடைக்குப் பின்னால் நீளமும் சுற்றளவும் நிற்கின்றன.

தொல்லை என்னவென்றால் எண்ணிக்கையும் எடையும் ஒன்றையொன்று இழுக்கும். கொத்துக் கொத்தாகக் காய்க்கும் செடியில் காய் சிறுக்கும். பெருங்காய்ச் செடியில் எண்ணிக்கை குறையும். செடி தயாரிக்கிற உணவு ஒன்றுதானே, அதைத்தான் பங்கு போட வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ரகம் 60 காய் காய்க்கிறது, காய் 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மகசூல் 2.4 கிலோ. இன்னொன்று 12 காய்தான், ஆனால் காய் 220 கிராம். மகசூல் 2.64 கிலோ. இரண்டையும் கலப்பினம் செய்தால் வரும் செடி 30 காயும் காய்க்கு 100 கிராமும் கொடுத்தால் 3 கிலோ ஆகிறது. எண்ணிக்கையில் முதல் பெற்றோரையும் மிஞ்சவில்லை, எடையில் இரண்டாவதையும் மிஞ்சவில்லை. இரண்டிலும் நடுவில் நின்றே இருவரையும் மிஞ்சிவிட்டது. எடை 130 கிராம் என்ற சரிபாதிக்கு வராமல் 100 கிராம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. இப்படிப்பட்ட கலப்பினத்தில் காய் எடை பெரும்பாலும் சிறிய காய்ப் பெற்றோர் பக்கமே சாயும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் 'பாதைப் பகுப்பாய்வு' இந்த இழுபறியைப் பிரித்துக் காட்டும் கருவிதான். கிளை அதிகமாக இருப்பது தானே மகசூலைக் கூட்டுகிறதா, காய் எண்ணிக்கையைக் கூட்டி அதன் வழியாகக் கூட்டுகிறதா என்று அது பிரித்துச் சொல்லும். 1921-இல் அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் கொடுத்த முறை அது.

செடி நிறையப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. ரகத்தின் குறையா?

இந்தக் கேள்வி வந்தால் முதலில் பூவைப் பிரித்துப் பாருங்கள் என்பேன். ஊதா இதழுக்கு நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் ஒரு கூம்பு மாதிரி சேர்ந்து நிற்கும். அந்தக் கூம்பின் நுனிக்கு வெளியே பச்சை நிறத்தில் ஒரு சின்னப் பொட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதுதான் சூல்முடி. நீட்டிக்கொண்டிருந்தால் அது நெட்டைச் சூல்தண்டுப் பூ, பெரும்பாலும் காய் பிடிக்கும். கூம்பின் மட்டத்திலேயே இருந்தால் நடுத்தரம், பிடித்தாலும் பிடிக்கும், உதிர்ந்தாலும் உதிரும். பொட்டே கண்ணில் படாமல் கூம்புக்குள் புதைந்திருந்தால் அது குட்டைச் சூல்தண்டுப் பூ. அதிலிருந்து காயை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே செடியில் இந்த வகைகள் எல்லாமே இருக்கும். எந்த விகிதத்தில் இருக்கும் என்பதில் ரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெயிலும் உரமும் செடியின் வயதும் அதை மாற்றும். அதனால் ரகம் தேர்ந்தெடுப்பவர் மொத்தப் பூவை எண்ணுவதைவிட நெட்டைப் பூக்களின் விழுக்காட்டை எண்ணுவது நல்லது. வயலில் அரை மணி நேர வேலைதான். என்னைக் கேட்டால் செடி உயரத்தை அளப்பதைவிட இது பயனுள்ள அளவு.

நல்லாக் காய்த்த ஒரு செடியிலிருந்து விதை எடுத்தால் பிள்ளைச் செடிகளும் அப்படியே காய்க்குமா?

அந்தச் செடி எதனால் காய்த்தது என்பதைப் பொறுத்தது. வரப்போரம் தண்ணீரும் தொழு உரமும் கூடுதலாகக் கிடைத்ததால் காய்த்திருந்தால் அந்தக் கொழுமை விதையில் போகாது. மரபால் காய்த்திருந்தால் போகும். இதைத்தான் மரபுவழித் திறன் என்ற விழுக்காட்டால் சொல்கிறார்கள். ஒரு பண்பில் தெரியும் மொத்த வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு என்பதே அந்த எண். 60 விழுக்காட்டுக்கு மேல் என்றால் உயர்வு, 30-க்குக் கீழே என்றால் குறைவு என்பது வழக்கமான பிரிப்பு.

கத்தரியில் காயின் நீளம், சுற்றளவு, எடை ஆகியவற்றில் இந்த எண் பொதுவாக உயர்ந்தே வரும். மொத்த மகசூல் மண்ணுக்கும் மழைக்கும் அதிகம் ஆடக்கூடியது. அதனால் மகசூலை நேராகத் துரத்துவதைவிட அதன் உறுப்புகளான காய் எடை, காய் எண்ணிக்கை வழியாகத் தேர்ந்தெடுப்பது உறுதியான வழி.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரபுவழித் திறன் 90 விழுக்காடு என்று வந்ததுமே மகிழ்ந்துவிடாதீர்கள். அதனுடன் 'மரபு முன்னேற்றம்' எவ்வளவு, அதாவது தேர்ந்தெடுத்த செடிகளின் அடுத்த தலைமுறையில் அந்தப் பண்பு எவ்வளவு உயரும் என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால்தான் எளிய தேர்வு பலிக்கும். முதலாவது உயர்ந்து இரண்டாவது தாழ்ந்திருந்தால் அங்கே தேர்வைவிடக் கலப்பினம் செய்வதே வழியாக இருக்கலாம். அப்புறம், ஒரே ஊரில் ஒரே பருவத்தில் எடுத்த எண் அந்த ஊருக்கும் அந்தப் பருவத்துக்கும் மட்டுமே சொந்தம்.

டி-ஸ்கொயர் பகுப்பாய்வு என்கிறார்களே, அது என்ன?

புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1936-இல் முழு வடிவம் கொடுத்த தொலைவுக் கணக்கு. மனிதர்களின் உடல் அளவுகளை ஒப்பிடுவதற்காகப் பிறந்தது, இன்று பயிர் ஆய்வில் அன்றாடக் கருவியாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பண்புகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, இரண்டு வழிகளுக்கு (தனித்தனி மரபுத் தொடர்களுக்கு) இடையே எவ்வளவு தூரம் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும். பக்கத்தில் இருப்பவற்றை ஒரு தொகுதியாகக் கட்டலாம்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வேறு வேறு மாநிலத்தில் சேகரித்த கத்தரிகள் ஒரே தொகுதியில் விழுவதும், ஒரே மாவட்டத்துக் கத்தரிகள் வேறு வேறு தொகுதிகளில் சிதறுவதும் இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. விதை சம்பந்தி வீட்டுக்கும் சந்தைக்கும் போய்வரும் பொருள்தானே. ஊர்த் தூரத்தை மரபுத் தூரம் என்று எண்ணிப் பெற்றோரைப் பிடிக்காதீர்கள். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்பதும் இல்லை. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிற அளவுக்கு, நடுத்தரத் தூரத்தில் இருக்கும் நல்ல பெற்றோர்களே பல நேரம் சிறந்த கலப்பினத்தைத் தருகிறார்கள்.

வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் எங்கிருந்து வந்தவை?

பெரும்பாலும் உங்கள் ஊர்க் கத்தரியிலிருந்து! கோ 2 உள்ளூர் வரிக்கத்தரியிலிருந்து தூய வழித் தேர்வாக வந்தது. வெளிர்பச்சையில் ஊதாக் கோடு போட்ட காய். மதுரையில் வெளியான எம்.டி.யு. 1, கள்ளம்பட்டிக் கத்தரியின் தேர்வு. பெரியகுளத்தின் பி.கே.எம். 1 வேறு வழியில் வந்தது. மானாவாரிக்குத் தாங்கும் புழுதிக்கத்தரியின் மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து எடுத்தது. கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1, குளத்தூர் வகையிலிருந்து வந்த வெள்ளைக் காய். கோவையின் வீரிய ஒட்டான (இரண்டு பெற்றோரின் கலப்பினமான) சி.ஓ.பி.எச். 1-இலும் கோ 2 ஒரு பெற்றோர்.

இந்தப் பட்டியலை நான் விவசாயிகளிடம் சொல்லும்போது பலருக்கு வியப்பு. விஞ்ஞானி காய்ப்பைப் படைப்பதில்லை. ஊர்க் கலவையில் ஏற்கெனவே ஒளிந்திருந்த நல்ல வழியை, செடி செடியாகப் பிரித்து, பல பருவம் வளர்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறார். கள்ளம்பட்டிக்காரர்கள் அந்தக் கத்தரியை அதற்கு முன்பே கைவிட்டிருந்தால் எம்.டி.யு. 1 இல்லை. நாட்டு ரகம் அழிவது பற்றி எனக்கு இருக்கும் கவலை இதனால்தான். இன்று யாருக்கும் வேண்டாத ஒரு கத்தரியில் நாளைக்கு வேண்டிய பண்பு என்ன இருக்கிறது என்று இன்றே சொல்ல யாராலும் முடியாது.

வீரிய ஒட்டு விதையை எப்படி உருவாக்குகிறார்கள்?

கையால்தான். மாலையில் வயலுக்குப் போய், மறுநாள் மலரப்போகிற மொட்டுகளைப் பார்க்க வேண்டும். மொட்டு பருத்து இதழ் நுனி ஊதா கட்டியிருக்கும், ஆனால் விரிந்திருக்காது. இடது கை விரல்களில் மொட்டைத் தாங்கி, கூர்மையான இடுக்கியால் இதழை மெல்ல விலக்கி, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ஐந்தோ ஆறோ இருக்கும். ஒன்றை விட்டாலும் வேலை கெட்டது. சூல்தண்டில் இடுக்கி பட்டால் மொட்டு இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். முடிந்ததும் சின்னப் பையால் மூடி நூல் கட்டுகிறார்கள். மறுநாள் காலை தந்தை ரகத்தின் புதுப் பூவிலிருந்து மகரந்தப் பையை எடுத்து, ஊசியால் கீறி, அந்தத் தூளைச் சூல்முடியில் தடவி, மறுபடி மூடிவிடுவார்கள்.

ஒரு காய்க்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். ஆனால் பிடித்த ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். கத்தரியில் வீரிய ஒட்டு விலை கட்டுபடியாவது இதனால்தான். ஜப்பானில் 1920-களிலேயே கத்தரி வீரிய ஒட்டு விதை விவசாயிகளின் கைக்கு வந்துவிட்டது. காய்கறிகளில் அதுதான் முன்னோடி. நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெண் தொழிலாளர்கள். அந்தக் கைநுணுக்கம் இல்லாமல் விதைப் பொட்டலம் இல்லை.

வீரிய ஒட்டுக் காயிலிருந்து விதை எடுத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் சீராக வராது. அடுத்த தலைமுறையில் பெற்றோரின் பண்புகள் சிதறும். ஒன்று நீளமாகக் காய்க்கும், ஒன்று உருண்டையாக, ஒன்று வரியோடு. வணிகத்துக்கு வேண்டாம். பொறுமை இருந்தால் அந்தச் சிதறலே உங்களுக்குச் சரக்கு. நிறையச் செடி வளர்த்து, பிடித்தவற்றைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, ஆறேழு தலைமுறை தேர்ந்தெடுத்தால் நிலையான வழி ஒன்று கைக்கு வரும்.

வாடல் நோயில் வயலே போகிறது. எதிர்ப்பு ரகம் உண்டா?

முதலில் எந்த வாடல் என்று பாருங்கள். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி படும்படி நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இறங்காவிட்டால் பூஞ்சையாகவோ வேறு காரணமாகவோ இருக்கலாம்.

பாக்டீரியா வாடலுக்கு எதிர்ப்பு ரகங்கள் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கேசவ், அர்க்கா நிதி, அர்க்கா நீல்கண்ட் எல்லாம் அதற்கென்றே எடுத்தவை. உங்கள் சந்தைக்கு அந்தக் காய் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் மேல் உங்கள் கத்தரியை ஒட்டுக் கட்டி நடலாம். சுண்டை வேருக்கு வாடலைத் தாங்கும் சக்தி உண்டு, வேரைத் தாக்கும் நூற்புழுவையும் தாங்கும். கத்தரியோடு சுண்டையைக் கலப்பினம் செய்வது மிகக் கடினம், ஆனால் ஒட்டு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். வேர் அதனுடையது, காய் உங்களுடையது.

முள் இல்லாத கத்தரி எப்படி வந்தது? முள் இருந்தால் ருசி அதிகமா?

முள்தான் பழைய நிலை. காட்டுச் செடியில் தண்டு, இலை, காம்பு எங்கும் முள். பறிப்பவர் கை கிழியாத செடியையே மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவைக் காட்டியது. செடியின் வளர்ச்சிக்கு வேண்டிய சைட்டோகைனின் என்ற ஊக்கியைத் தயாரிக்க உதவும் மரபணுக் குடும்பத்தில் ஒன்று பழுதானதால் கத்தரிக்கு முள் போயிற்று. கத்தரியின் உறவுச் செடிகள் பலவும் ரோஜா போன்ற தூரத்துச் செடிகளும் அதே குடும்பத்து மரபணுவால்தான் முள் விடுகின்றன, முள்ளை இழந்தவையும் அதே வழியில் இழந்திருக்கின்றன.

ருசிக்கும் முள்ளுக்கும் நேரடித் தொடர்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலூர் முள்ளுக் கத்தரியைச் சாப்பிட்டவர்களிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது!

காய்ப்புழுவைத் தாங்கும் ரகம் எது? பி.டி. கத்தரி என்ன ஆயிற்று?

குருத்தையும் காயையும் துளைக்கும் அந்தப் புழுவை முழுதாக எதிர்க்கும் ரகம் நாம் பயிரிடும் கத்தரியில் இல்லை. குறைவாகத் தாக்கப்படும் வகைகள் உண்டு. வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் இன்றும் அடிப்படை வேலைகள்.

பி.டி. கத்தரி என்பது இந்தப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஒன்றை ஏற்றிய கத்தரி. அதற்கு 2009 அக்டோபரில் மத்திய மரபணுப் பொறியியல் குழு ஒப்புதல் சொன்னது. பொது விசாரணைகளுக்குப் பிறகு 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013-இல் அனுமதித்து 2014-இல் பயிரிடத் தொடங்கியது. அங்கே உள்ளூர் ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றினார்கள். அந்த மரபணு புழுவால் வரும் இழப்பைத்தான் குறைக்கிறது. செடியின் காய்ப்புத் திறன் அது ஏறியிருக்கும் ரகத்தினுடையது. அதனால் எந்தப் பக்கம் நின்று பேசினாலும், ஒன்றிரண்டு ரகங்கள் மட்டும் பரவி மற்றவை வயலைவிட்டுப் போய்விடுமா என்ற கேள்வியைத் தள்ளிவைக்கக் கூடாது என்பது என் கருத்து.

புவிசார் குறியீடு கிடைத்தால் ரகம் காப்பாற்றப்பட்டதாகுமா?

குறியீடு காப்பது பெயரை. வேலூர் முள்ளுக் கத்தரி 2023-இல் பெற்றது, உடுப்பியின் மட்டு குள்ளா என்ற கத்தரி அதற்கும் முன்னால் பெற்றது. வேறு ஊர்க் காயை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதே அதன் பலன். விதை கலந்துபோனால் பெயர் இருக்கும், கத்தரி இருக்காது.

ரகத்துக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். விவசாயிகளின் ரகத்தையும் அதில் பதிவு செய்யலாம். பண்ணை விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பிராண்டு பெயரிட்ட பொட்டலமாக விற்பதற்கு மட்டும் தடை. டெல்லியில் இருக்கும் தேசியப் பயிர் மரபு வள அமைப்பின் குளிர் அறைகளிலும் ஆயிரக்கணக்கான கத்தரி மாதிரிகள் இருக்கின்றன. அது அவசியம்தான். ஆனால் குளிர் அறையில் இருக்கும் விதை புதுப் பூச்சியையும் புது வெயிலையும் சந்திப்பதில்லை, வயலில் இருப்பது வருடா வருடம் சந்திக்கிறது.

எங்கள் ஊர்க் கத்தரியைக் கலப்பில்லாமல் வைக்க என்ன செய்வது?

கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் கண்டிப்பாக அப்படியே நடக்கும் என்றில்லை. மகரந்தப் பை நுனித் துளை வழியாகத்தான் தூளை உதிர்க்கும். பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அதிர வைக்கும் தேனீக்களுக்கு இந்தப் பூ ரொம்பப் பிடிக்கும். அவை அடுத்த ரகத்துத் தூளையும் கொண்டுவரும். விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 100 மீட்டர், அதைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 200 மீட்டர் என்று மற்ற ரகங்களிலிருந்து தனிமைத் தூரம் கேட்பது அதனால்தான்.

வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. மொட்டு விரியும் முன்பே மெல்லிய வலைத்துணிப் பை போட்டுக் கட்டிவிடுங்கள். பூ விரிந்ததும் காம்பை விரலால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள், தூள் தானே உதிர்ந்து விழும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் கலர் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். ஒரே செடியோடு நிறுத்தாமல், நல்ல செடிகளாகப் பத்துப் பதினைந்திலாவது இதைச் செய்தால் ஊர் ரகத்துக்குள் இருக்கும் சின்ன வேறுபாடுகளும் தங்கும்.

விதைக்காயைச் சமையல் பதத்தில் பறிக்கக் கூடாது. தோல் மஞ்சளாகிப் பழுப்பேறும் வரை செடியிலேயே விடுங்கள். அறுத்து, சதையைத் தண்ணீரில் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும், பதரும் சதையும் மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். காகித உறையில் போட்டு, ஊர், செடி எண், பறித்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் கரைந்துவிடும்.